திருவடி அடைந்த வேட்பாளர்

கவுன்சிலராக இருப்பது கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். கவுன்சிலருக்குப் புருஷனாக இருந்து பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு அது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டால் மனைவி ஜெயிப்பார், கணவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கவுன்சிலராகத் திரிவார். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்து வார்டில் என் மனைவி வளர்மதி ஜெயித்தபோது நானும் ஆசையாக இரண்டு வெள்ளை வேட்டி எடுத்தேன். அதே வாரம் ஒருவர் என்னிடம் வந்து "கவுன்சிலர் சார்" என்று ஆரம்பித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு "சொல்லுங்க" என்றேன். பின்னாலிருந்து வளர்மதி, "அவருக்கு வாழைக்காய் விலை மட்டும்தாங்க தெரியும், என்கிட்ட சொல்லுங்க" என்றாள். எனக்கு மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அந்த வேட்டிகளில் ஒன்று இப்போது அங்கே தராசு துடைக்கிறது.

அவளை அரசியலுக்கு இழுத்து வந்தது எங்கள் தெருச் சாக்கடை. மழை பெய்தால் வீட்டுக்குள் வரும், பெய்யாவிட்டால் வாசலில் நிற்கும். நான் அதைப் பற்றி எதுகை மோனையோடு ஒரு கவிதை எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. வளர்மதி ஒருநாள் தூக்குவாளியில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போய், இன்ஜினியர் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் "சாப்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அந்த ஆபீஸில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கஷ்டங்களை அவளிடம் சொல்லி முடித்திருந்தார்கள். கடைசியில் இன்ஜினியரே வெளியே வந்து, ஜீப்பில் கூட வந்து சாக்கடையைப் பார்த்தார். அடுத்த தேர்தலில் தெருவே அவளை நிற்கச் சொன்னது.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. எங்கள் கட்சி சின்னக் கட்சி. (பெயரைச் சொன்னால் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்பீர்கள். எதற்கு வம்பு.) ஸ்ரீரங்கம் தொகுதிக்கு ஆள் தேடிக் களைத்துப்போன கட்சித் தலைமை, "நம்ம வளர்மதி நிக்கட்டும்" என்று முடிவு செய்தது.

"எதுக்கு வளர் நமக்கு இந்தப் பெரிய வேலை?" என்று கேட்டேன்.

"கவுன்சிலரா இருந்தா குழாய்ல ஏன் தண்ணி வரலைன்னு கேக்கலாம். ஆத்துல ஏன் தண்ணி வரலைன்னு கேக்கணும்னா எம்.எல்.ஏ. ஆகணும். எனக்கு அதைக் கேக்கணுங்க" என்றாள்.

ஆனால் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், ஸ்ரீரங்கத்தில் அவளை யாருக்கும் தெரியாது. முதல் நாள் வீடு வீடாகப் போனோம். கதவைத் திறந்தார்கள், மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள், "காந்தி மார்க்கெட்லேர்ந்தா? இங்க என்ன?" என்று கேட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "பேரே தெரியாதவளுக்கு யாருங்க ஓட்டுப் போடுவா?" என்றாள். அவள் அப்படிச் சோர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. ஒரே நாளில் வளர்மதி என்ற பெயரை ஸ்ரீரங்கம் முழுக்கத் தெரிய வைக்கிறேன் என்று சபதம் எடுத்தேன். (வைத்தேன். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.)

இந்த இடத்தில் என் தமிழைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். மார்க்கெட்டில் யார் வீட்டுக் காதுகுத்தானாலும், புதுமனை புகுவிழாவானாலும், ஃபிளெக்ஸில் வாசகம் நான்தான் எழுதுவேன். "தென்றலே வருக, தேன்மொழியே வருக" என்று நான் எழுதிய பூப்புனித நீராட்டு விழா வரவேற்பை மூன்று குடும்பங்கள் கேட்டு வாங்கிப் போட்டிருக்கின்றன. தேர்தல் நோட்டீஸை நானே எழுதுகிறேன் என்றேன். வளர்மதிக்குக் கை நிறைய வேலை. "சுருக்கமா எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்ரீரங்கத்துக்கு ஸ்ரீரங்கத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக ஒரு நாள் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் நடந்து, காதில் விழுந்த, கண்ணில் பட்ட நல்ல வார்த்தைகளையெல்லாம் பொறுக்கினேன். ஒரு வீட்டு வாசல் கதவில் ஒரு பெரியவரின் படம் போட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது. "ஆசார்யன் திருவடி அடைந்தார்" என்று எழுதியிருந்தது. படத்தில் அவர் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ பெரிய குருவிடம் போய் ஆசி வாங்கியிருக்கிறார், அதைப் பெருமையாக வாசலில் ஒட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என்ன பணிவு, என்ன பண்பாடு என்று மெய்சிலிர்த்து நின்றேன்.

பிரச்சாரத் திட்டம் இதுதான்: வளர்மதி காலையில் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட வேண்டும். மாலையில் ராஜகோபுரத்திலிருந்து காவிரிக் கரையில் இருக்கும் அம்மா மண்டபம் வரை ஊர்வலம். இதை நான் எப்படி எழுதினேன் என்பதைக் கேளுங்கள்.

"ஸ்ரீரங்கம் வாழ் பெருமக்களே, மக்கள் பணிக்கே தம்மை அர்ப்பணித்து வாழ்ந்த, நம் பாசத்துக்குரிய மாமன்ற உறுப்பினரும் இத்தொகுதியின் வேட்பாளருமான திருமதி வளர்மதி அவர்கள் இன்று காலை பெருமாள் திருவடி அடைந்தார். அன்னாரது ஊர்வலம் மாலை நான்கு மணியளவில் ராஜகோபுரத்திலிருந்து புறப்பட்டு அம்மா மண்டபம் சென்றடையும். அனைவரும் திரளாகக் கலந்துகொள்ள வேண்டுகிறோம். இவண், கணவர் மற்றும் குடும்பத்தார்."

எங்களுக்கு ஆசார்யன் யாரும் இல்லாததால் அவரை எடுத்துவிட்டுப் பெருமாளையே போட்டேன். இடையில் ஆள் எதற்கு. 'அவரது' என்பதைவிட 'அன்னாரது' கம்பீரமாக இருந்தது. முதல் நோட்டீஸிலேயே ஓட்டுக் கேட்பது நாகரிகமில்லை என்று சின்னத்தைக்கூடப் போடவில்லை. மேலே வளர்மதி கைகூப்பி நிற்கும் படம், சிக்கனத்துக்காகக் கறுப்பு வெள்ளையில்.

டவுனில் அச்சகத்துக்காரர் அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நல்லபடியா பண்ணிக் குடுத்துடறேன் சார், நீங்க மனசைத் தளர விடாதீங்க" என்றார். நான் கேட்காமலே இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்குப் படம் வைத்தார். நமக்கு இங்கே ஒரு ஓட்டு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்தது காதர் பாய். திருச்சியில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்வதில் அவருக்கு இணை கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், மரண அறிவிப்பு எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான், கொஞ்சம் நனைந்த மாதிரி. என் வாசகத்தைப் படித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், அண்ணே, வார்த்தையெல்லாம் என்ன கனம். அர்த்தம் என்னண்ணே?" என்று கேட்டார்.

"சாமி கும்பிட்டாங்கன்னு அர்த்தம் பாய். ஸ்ரீரங்கத்துல அப்படித்தான் சொல்லுவாங்க."

"சரிண்ணே, உருக்கமா படிச்சிடறேன்" என்றார்.

குறித்த நாள் காலை. நோட்டீஸ் பேப்பரோடு சேர்ந்து வீடு வீடாகப் போயிற்று. வளர்மதி செல்போனைக் கோயில் வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே போனால் சீக்கிரம் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நாலு பெண்கள் சேர்ந்து நின்றால் போதும், "உங்க தெருவுல தண்ணி வருதா?" என்று ஆரம்பித்துவிடுவாள். காதர் பாயின் ஆட்டோ வீதிகளைச் சுற்றக் கிளம்பியது. நான் ராஜகோபுரத்துக்கு வெளியே நின்று, திறந்த வேனுக்குச் சம்பங்கி மாலையும் சாமந்தியும் கட்டும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். தூவுவதற்குக் கூடை நிறைய ரோஜா இதழ். வெடிக்குச் சரம். மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் சித்திரை வீதியில் குடியிருக்கும் ஸ்ரீநிவாசன் என்ற பெரியவர். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் என்று பிற்பாடு தெரிந்தது. கையில் எங்கள் நோட்டீஸ். நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் ஆத்துக்காரரா? எப்ப ஆச்சு?"

"விடியக்காலையிலேயே ஆயிடுச்சு சார்."

"சிரமப்படாம போனாளோ?"

"ஒரு சிரமமும் இல்ல சார். கூட்டமே இல்லாததால நேரா போயிட்டாங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "புண்யாத்மா. என்ன வயசு?"

"நாப்பத்தி நாலு சார்."

"போற வயசா இது" என்றார். அரசியலுக்குப் போகிற வயசைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "சின்ன வயசுலயே போனாத்தான் சார் நல்லது. வயசானப்புறம் போய் என்ன பிரயோஜனம்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவ்வளவு துக்கத்திலும் வேதாந்தம் பேசுகிறானே என்று நினைத்தாராம், பின்னால் சொன்னார்.

"பிள்ளை இருக்கானோ?"

"ஒரே பையன் சார், சென்னையில வேலை. லீவு கிடைக்கலையாம். வீடியோ கால்ல பார்த்துக்கறேன்னுட்டான்."

"பெத்த தாய்க்கா?" என்று அவர் கேட்ட கேள்வியில் இருந்த அதிர்ச்சி எனக்கு உறைக்கவில்லை.

"நாங்க இருக்கோமே சார். கரெக்டா நாலு மணிக்கு எடுத்துடுவோம். நீங்களும் வந்துடுங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டி, "தைரியமா இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஒரு குடும்ப ஓட்டு உறுதி என்று கணக்குப் போட்டேன்.

அதன் பிறகு சாரை சாரையாக வந்தார்கள். முதல் நாள் கதவைச் சாத்திய அதே மாமிகள் வந்து, வேனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். "வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனாளே, நன்னா நாலு வார்த்தை பேசாமப் போயிட்டேனே" என்று ஒரு மாமி வருத்தப்பட்டார். "பரவாயில்லைங்க, இனிமே அடிக்கடி வருவாங்க" என்று நான் ஆறுதல் சொன்னேன். மாமி மூன்று அடி பின்னால் நகர்ந்துவிட்டார். இங்கே வேன் நிறுத்தக் கூடாது என்று காலையில் விரட்டிய போலீஸ்காரர் தானே வந்து, இரண்டு காரை எடுக்கச் சொல்லி வேனுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என் தமிழின் சக்தியை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அப்போது வையம்பட்டியிலிருந்து போன். வளர்மதியின் அண்ணன் மருதமுத்து. யாரோ நோட்டீஸைப் படம் பிடித்து, "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

"மாப்ள, நெசமா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"நெசந்தான் மச்சான். நோட்டீஸ் பாத்தீங்களா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மாப்ள."

"எல்லாம் திடீர்னு முடிவானது மச்சான். நாலு மணிக்கு ஊர்வலம். ஒரு வண்டி புடிச்சு எல்லாரும் வந்துடுங்க."

மறுமுனையில் ஓவென்று அழுகைச் சத்தம் கேட்டு போன் கட்டாயிற்று. தங்கை எம்.எல்.ஏ. ஆகப் போகிறாள் என்றால் அண்ணனுக்கு ஆனந்தக் கண்ணீர் வராதா?

வெயில் ஏறியது. ஸ்ரீநிவாசன் சார் திரும்பி வந்தார், கையில் டிபன் கேரியரோடு. "தயிர்சாதம். ஆத்துல பண்ணிக் குடுத்தா. துக்கக்காரா பட்டினியா இருக்கப்படாது, ரெண்டு வாய் சாப்பிடுங்கோ" என்றார்.

"துக்கமா? யாருக்கு சார் துக்கம்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நோட்டீஸை விரித்து, அந்த வரியில் விரலை வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார். எங்க வீட்டம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. அதைத்தான் உங்க பாஷையில..."

"அட பெருமாளே" என்றார் அவர். "திருவடி அடைஞ்சுட்டார்னா காலமாயிட்டார்னு அர்த்தம் ஸ்வாமி. நாங்க போறவாளை அப்படித்தான் சொல்றது. அதுவும் போதாம அம்மா மண்டபத்துக்கு ஊர்வலம்னு வேற போட்டிருக்கேள். அங்க போய்த்தான் காரியமே பண்றது."

நோட்டீஸை வாங்கி மறுபடி படித்தேன். இந்தத் தடவை நான் எழுதியதாகப் படிக்கவில்லை, யாரோ எழுதியதாகப் படித்தேன். கறுப்பு வெள்ளையில் வளர்மதி கைகூப்பி நிற்கிறாள். இரண்டு பக்கமும் விளக்கு. வாழ்ந்த. அன்னாரது. பிசகு நடந்தது என்று தெரிகிறது, அவள் உள்ளே நன்றாக இருக்கிறாள் என்றும் தெரிகிறது. இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத ஒரு நாளை நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவள் போனுக்கு அடித்தேன். அது கோயில் வாசல் பெட்டியில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது.

தூரத்தில் காதர் பாயின் குரல் கேட்டது. "...பெருமாள் திருவடி அடைந்தார்..." உண்மையிலேயே உருக்கமாகத்தான் படித்தார். போன் போட்டேன், மைக் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவின் பின்னால் ஓடினேன்.

"நிறுத்துங்க பாய், அவ சாகலை. அவ சாகலை பாய்."

வீதியில் இருந்தவர்கள் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அப்படித்தான் இருக்கும், மனசைத் தேத்திக்கோங்க" என்றார் ஒரு கடைக்காரர். "நெசமாவே சாகலைங்க" என்று நான் திமிறினேன். "ஆமாமா, நம்ம மனசுல இருக்காங்க" என்று அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். எவ்வளவுக்கு எவ்வளவு உண்மையைச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவ்வளவு எனக்கு விசிறினார்கள்.

இரண்டு பேர் கைத்தாங்கலாக என்னை ராஜகோபுரத்தடிக்குக் கொண்டு வந்து சேர்த்தபோது, வையம்பட்டி வேன் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே ஒப்பாரி வெளியே வந்துவிட்டது. முதலில் இறங்கியது மருதமுத்து. பின்னால் அவர் மனைவி, இடுப்பில் அணைத்த தாம்பாளம், அதில் மஞ்சள், பூ, மடித்து வைத்த பச்சைப் புடவை. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வரும் கோடிப் புடவை. வரும் வழியில் மணப்பாறையில் இறங்கி எடுத்தார்களாம்.

மருதமுத்து என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். நான் சொன்னது எதுவும் அவர் கதறலில் யாருக்கும் கேட்கவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான், கோபுர வாசல் வழியாக, நெற்றியில் குங்குமமும் கழுத்தில் துளசி மாலையும் கையில் பிரசாதப் பொட்டலமுமாக வளர்மதி வந்தாள். கூட நாலு பெண்கள், ஏதோ குழாய் விஷயமாகப் பேசிக்கொண்டே.

அவள் எங்களைப் பார்த்தாள். அண்ணன் அழுகிறார், அண்ணி அழுகிறாள், புருஷன் தலை நனைந்து நிற்கிறான், கோடித் துணி. பொட்டலத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ அண்ணி" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அண்ணிக்கும் கண்ணீரில் ஆள் தெரியவில்லை. பழக்கப்பட்ட தோள், அழுதாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நன்றாக அழுத பிறகுதான் வளர்மதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"யாருக்கு அண்ணி என்ன ஆச்சு?"

"உனக்குத்தான்டி வளரு" என்று சொல்லி அழுத அண்ணி, நிமிர்ந்து பார்த்தாள். தாம்பாளம் கீழே விழுந்து உருண்டது.

ஸ்ரீநிவாசன் சார்தான் நோட்டீஸை வளர்மதியிடம் நீட்டி, மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவள் முழுக்கப் படித்தாள். கடைசி வரியில் 'இவண், கணவர்' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவுதான், அவள் ஆற்றைப் பற்றிக் கேட்க நினைத்த கேள்விக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேன் என்று தோன்றியது. மற்ற கட்சிக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பார்கள். "என்னை மன்னிச்சிடு வளர்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் உதடு துடித்தது. திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, கோபுர வாசலில் நின்று சிரித்தாள். அண்ணி சிரித்தாள், போலீஸ்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் வந்து நின்ற ஆட்டோவில் இருந்த காதர் பாய் எதுவும் புரியாமல், "அண்ணே, இன்னொரு ரவுண்டு போகவா?" என்று கேட்டார். வளர்மதி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"பெரியவங்களே, அம்மாமாருங்களே, நான்தாங்க வளர்மதி. காலையில போயிட்டேன்னு சொன்னாங்க. எனக்கும் இப்பத்தான் தெரியும். செத்தவங்க ஓட்டுப் போட்டதா நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. செத்தவ வந்து ஓட்டுக் கேட்டுப் பாத்திருக்கீங்களா? நான் வந்திருக்கேன். நாலு மணிக்கு ஊர்வலம் உண்டு. நோட்டீஸ்ல போட்டது போட்டதுதான். நானே நடந்து வரேன், தூக்க ஆள் வேண்டாம்."

சித்திரை வீதி வரை சிரிப்புக் கேட்டிருக்கும். அவள் கீழே விழுந்த பச்சைப் புடவையை எடுத்து உதறினாள். "வேண்டாம்டி, கோடித் துணி, ஆகாது" என்று அண்ணி பதறினாள். "எங்க அண்ணன் எடுத்த புதுப் புடவை. உயிரோட இருக்கறப்பவே கட்டிக்கறேன், அப்பத்தான் எப்படி இருக்குன்னு நீங்களும் பாக்கலாம்" என்று, பக்கத்து மாமி வீட்டுக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள்.

நாலு மணிக்கு அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்க வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள், செத்தவளைப் பார்க்க வந்தவர்கள், செத்தவள் எழுந்துவிட்டாளாமே என்று வந்தவர்கள் என்று அம்மா மண்டபம் சாலை கொள்ளவில்லை. ரோஜா இதழைத் தூவினார்கள், சரம் வெடித்தது, மேளம் அடித்தது. ஒப்பாரி வைக்க வந்த வையம்பட்டிப் பெண்கள் தொண்டையை வீணாக்காமல் கோஷம் போட்டார்கள். ஸ்ரீநிவாசன் சார் தயிர்சாதக் கேரியரோடு முன்னால் நடந்தார். முதல் நாள் கதவைச் சாத்திய வீடுகளில் எல்லாம் ஆட்கள் வாசலுக்கு வந்து, "வளர்மதி, வளர்மதி" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடாக இருக்கிறதா என்று சோதித்தவர்களும் உண்டு. அவள் எல்லாரிடமும், "சாப்டீங்களா? உங்க தெருவுல தண்ணி வருதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

தேர்தலில் தோற்றோம். பெரிய கட்சிகளுக்கு நடுவே நாங்கள் எந்த மூலைக்கு. ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து வெளியே வந்தபோது நான்தான் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தேன். வளர்மதியிடம் ஒரு பெண் வந்து, "அக்கா, நீங்க தோத்துட்டீங்கன்னு தெரியும். ஆனா எங்க தெரு பைப்பு உடைஞ்சிருக்கு, யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டாள். ஸ்ரீரங்கத்துப் பெண். வளர்மதியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கும் தலை நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணோடு அப்படியே ஆட்டோவில் ஏறிப் போனவள் சாயங்காலம்தான் வந்தாள்.

அன்றிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அவளுக்கு வேலை வருகிறது. அது அவள் வார்டு இல்லை. அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள், அவர்கள் கேட்பதாக இல்லை. எங்கள் பையன் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று, "அப்பா, அம்மா எங்க?" என்று கேட்பான். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொல்லக் கூடாது என்பது வீட்டில் சட்டம். "வந்துடுவா" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். மீறினால் அவன், வளர்மதி, அண்ணி மூன்று பேரும் சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள், அண்ணி போனிலேயே வைப்பாள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இன்னும் மோசம். போனை நான் எடுத்தால் போதும், குரலைத் தாழ்த்தி, "கவுன்சிலர் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காக அடக்கிய சிரிப்போடு காத்திருப்பார்கள். ஸ்ரீநிவாசன் சார் வாரம் ஒரு தடவையாவது இதற்காகவே கூப்பிடுகிறார்.

நான் எதையாவது சொல்லி வைப்பதற்குள், அடுப்படியிலிருந்து வளர்மதி குரல் கொடுத்துவிடுவாள்.

"இருக்கேன்னு சொல்லுங்க. இன்னும் ரெண்டு எலக்‌ஷன் பாக்காம எங்கயும் போறதா இல்லைன்னும் சேர்த்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொந்தமா சொல்ல வேண்டாம்."